ஆழமான லாச்சி

புக்கிட் செந்தோசாவில் இருக்கும் என் மகள் வீட்டில் போன மாதம் ஒரு பெரிய வழக்கு நடந்தது. சுவரோடு சேர்த்து அடித்த புது அலமாரிக்குள் எந்த மாதிரி லாச்சி போடுவது என்பதுதான் வழக்கு. இழுப்பறை என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த எங்கள் வாயில் அது எப்போதும் லாச்சிதான். கடைக்காரன் கொடுத்த படப் புத்தகத்தைத் தரையில் விரித்துப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக்கா, கம்பி வலையா, பலகையா என்று மகளும் மருமகனும் அரை நாள் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் மகள், "எதுவா இருந்தாலும் சரி, அடியிலே ஒண்ணு நல்லா ஆழமா இருக்கட்டும். எல்லாத்தையும் உள்ளே தள்ளிடலாம்லா" என்றாள்.

"ஆழம் வேண்டாம்" என்றேன்.

"ஏம்மா?"

"ஒரு ஆழமான லாச்சியாலேதான் உங்க அப்பாவை லோரியிலே ஏத்திக்கிட்டுப் போனாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாச்சிக்காக யாராவது ஆளைப் பிடிப்பார்களா என்றாள். பிடித்தார்கள். அந்த மூன்று நாளும் அவரைக் கப்பலேற்றிவிடுவார்களோ, இனி முகத்தைப் பார்ப்பேனோ மாட்டேனோ என்று நான் சோறு இறங்காமல் கிடந்தேன். அவள் சிரித்தது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவாள். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் கோலசிலாங்கூர் பக்கம் பிறந்தவள். கெர்லிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டேன். மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டோரம் சிதறிக் கிடந்த லயத்து வீடுகளையெல்லாம் காலி செய்து, எல்லாரையும் ஒரே இடத்தில் குடியேற்றிச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே வாசல். வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் தடவிப் பார்ப்பார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக்கூடாது என்பதுதான் சட்டம். என் வீட்டுக்காரர் தோட்டத்து ஸ்டோரில் வேலை. காய்ந்த ரப்பர் ஷீட்டுகளை அடுக்கி, பலகைப் பெட்டியில் போட்டு ஆணியடித்து அனுப்புகிற வேலை. நாள் முழுக்கப் பெட்டி அடிக்கிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் இருந்த ஒரே பெரிய சாமான் ஓர் அலமாரி. ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போனபோது பங்களாவிலிருந்து கழித்துப் போட்டது. அதை வேறு யாரும் கேட்காததற்குக் காரணம், அது யார் வீட்டு வாசலிலும் நுழையாது. இவர் அதன் தலையையும் காலையும் கழற்றி உள்ளே கொண்டுவந்து மறுபடி பூட்டினார். பார்க்க மகாராஜா மாதிரி இருக்கும். கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை, குறுக்கே ஒரு கம்பி மட்டும். துரை கோட்டு மாட்டுவதற்கு. எங்கள் வீட்டில் எந்தக் கோட்டை மாட்டுவது? புடவையையும் வேட்டியையும் மடித்து அடியில் குவித்து வைத்தேன். எது வேண்டுமானாலும் மொத்தத்தையும் கலைக்க வேண்டும்.

கல்யாணமாகி நாலைந்து மாதம் இருக்கும். ஒரு காலை சோதனைக்கு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்தார்கள். அலமாரிக்குள் கைவிட்டு இரண்டு வாரு வாரினான் ஒருத்தன். எல்லாம் தரையில். வெளியே மழைச் சேறு. என் கூறைப்புடவை மேல் பூட்ஸ் காலை வைத்துக்கொண்டுதான் அவன் அலமாரித் தலைமேல் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான். தாலி கட்டும்போது உடுத்திய புடவை! எனக்கு அவன் கையிலிருந்த துப்பாக்கிகூடத் தெரியவில்லை. "காலை எடுடா!" என்று கத்திவிட்டேன். நல்ல வேளை, அவனுக்குத் தமிழ் தெரியாது.

அன்று சாயங்காலம் இவர் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக, "அலமாரிக்குள்ளே லாச்சி வேணும்" என்றேன். லாச்சி இருந்தால் இழுத்துப் பார்ப்பான், தள்ளிவிட்டுப் போவான். குவியலாக இருப்பதால்தானே வாருகிறான் என்பது என் கணக்கு.

அவர் உடனே சரியென்று சொல்கிற ரகம் இல்லை. ஒரு வாரம் யோசித்தார். முதலில் டவுன் மளிகைக் கடையிலிருந்து பால் டின் வருகிற பலகைப் பெட்டி இரண்டைக் கொண்டுவந்து உள்ளே படுக்க வைத்தார். சொரசொரப்பான பலகை, ஓரத்தில் ஆணி. முதல் நாளே ஒரு புடவையில் நூலை இழுத்துவிட்டது. பிறகு ரோத்தான் கூடை. பிரம்புப் பின்னலின் இடுக்கில் கரப்பான் குடியேறியது. பிஸ்கட் டின் வைக்கலாமா என்று நான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "மூடின டின்னைப் பாத்தாலே அவனுக்குச் சந்தேகம் வரும். கடையிலேயே டின்னைக் குத்தி ஓட்டை போட்டுல்ல விக்கிறான் இப்ப" என்றார். அதுவும் சரிதான். வாங்கிய டின்னைக் காட்டுக்குக் கடத்திவிட முடியாதபடி, விற்கும்போதே குத்திக் கொடுத்த காலம் அது.

கடைசியில் அவரே பலகையில் அடிப்பது என்று முடிவாயிற்று. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியிடம் கேட்டு, ஸ்டோரில் உடைந்து கழித்த பெட்டிப் பலகைகளை வாங்கி வந்தார். அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

"நாலு லாச்சி. எல்லாம் ஒரு சாண் உயரம்" என்றார்.

"ஒரு சாணா? அதிலே என்ன வைக்கிறது, வெத்தலையா?"

"இழுத்தா எல்லாம் மேலாத் தெரியணும் புள்ள. அடியிலே என்ன கிடக்குன்னு தெரியாத பெட்டி எதுக்கு?"

"கம்பளி எங்கே போகும்? கூறையை எத்தனை மடிப்பு மடிக்கிறது? சரிகை மடிப்புலேயே விட்டுப் போயிரும். மேலே ரெண்டு சின்னது, அடியிலே ஒண்ணு முழங்கை ஆழத்துக்கு. அவ்வளவுதான்."

"ஆழமா இருந்தா அடியிலே போட்டதை மறந்துருவே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன மறதிக்காரியா? உங்க சட்டைப் பொத்தான் எங்கே இருக்குன்னுகூட எனக்குத் தெரியும்!" என்று ஆரம்பித்து, அவர் எங்கெங்கே எதையெதை மறந்தார் என்று ஒரு பட்டியலே போட்டேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் மேலே இரண்டு சின்னது, அடியில் ஒன்று முழங்கை ஆழத்துக்கு என்று அளந்து அடித்தார். நான் ஜெயித்துவிட்டேன். அந்த ஜெயிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் வாய்மேல்தான் கோபம் வருகிறது.

லாச்சிகள் நன்றாகவே இருந்தன. ரப்பர்ப் பெட்டி அடிக்கிற கை என்பதால் அவையும் ரப்பர்ப் பெட்டி மாதிரிதான் இருந்தன. அடி லாச்சியின் உள்பக்கத்தில் தோட்டத்து முத்திரை தலைகீழாக இருந்தது. ஓரங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்தும் அடி லாச்சி மட்டும் முக்கால் வழி போய் மாட்டிக்கொள்ளும். முட்டியால் ஒரு இடி கொடுத்தால்தான் மூடும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பானையோ பெட்டியோ எதுவானாலும் வெறுமையாக வைக்கக்கூடாது. முதலில் ஒரு பிடி அரிசியில் மஞ்சளைப் பிசறி, வெள்ளைத் துணியில் முடிந்து உள்ளே வைத்த பிறகுதான் வேறு எதையும் வைப்பார்கள். என் அம்மா பிறந்த ஊரிலிருந்து வந்த பழக்கம். இவருக்கு அதெல்லாம் தெரியாது, நம்பிக்கையும் கிடையாது. அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நான் முடிச்சை அடி லாச்சியில் வைத்தேன், மேலே பழைய பேப்பரை விரித்தேன், அதன்மேல் கூறையும் கம்பளியும். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

அதற்குப் பிறகு அந்த லாச்சியை நான் அதிகம் திறக்கவில்லை. கூறையை யார் தினமும் உடுத்துகிறார்கள்?

சில மாதங்கள் கழித்து, காலைப் பெரட்டில் ஆட்களைக் கணக்கெடுக்கும்போது ஒரு புதுச் சட்டம் சொன்னார்கள். இனி யார் வீட்டிலும் வேகாத அரிசி இருக்கக்கூடாது. இருப்பதையெல்லாம் கொண்டுவந்து ஒப்படைத்துவிட வேண்டும். வேலிக்குள் ஒரு பொதுச் சமையல். எல்லாருக்கும் வெந்த சோறுதான். வெந்த சோறு ஒரு நாளில் புளித்துப்போகும், காட்டுக்குக் கடத்த முடியாதே, அதற்காக. அதற்குப் பிறகு யார் வீட்டிலாவது வேகாத அரிசி அகப்பட்டால், அது காட்டுக்காரனுக்கு ஒளித்து வைத்தது என்றுதான் அர்த்தம். ஜெயில். இந்தியாவில் பிறந்தவனாக இருந்தால் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் ஏழு வயதில் கப்பலில் வந்தவர்.

எனக்கு மற்றவர்களைவிட ஒரு பங்கு பயம் அதிகம். என் அண்ணன் கோலசிலாங்கூர்த் தோட்டத்தில் ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு காணாமல் போயிருந்தான். சிங்கப்பூரில் கப்பலில் வேலை செய்கிறான் என்று ஒரு பேச்சு. காட்டுக்குப் போய்விட்டான் என்று இன்னொரு பேச்சு. எனக்கு ஒன்றும் தெரியாது. போலீஸ் இரண்டு தடவை வந்து என்னைக் கேட்டுவிட்டுப் போயிருந்தது.

அதனால் பானையைக் கவிழ்த்துத் தட்டினேன். முறத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நொய்யைக்கூட விளக்குமாற்றால் கூட்டி அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஒரு குவளை அரிசியை எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, "உனக்குப் பைத்தியமா? சட்டம்னா சட்டம்லா" என்று பெரிய மனுஷி மாதிரி புத்தி சொன்னேன். லாச்சிக்குள் இருந்த அந்த ஒரு பிடி என் நினைவிலேயே இல்லை. எனக்கு அது அரிசியே இல்லை, சாமி சாமான். அரிசி என்று நினைத்திருந்தால்தானே ஞாபகம் வரும்.

அடுத்த சோதனை ஒரு காலையில் வந்தது. ஆண்களையெல்லாம் களத்தில் உட்கார வைத்துவிட்டு, பெண்களை அவரவர் வாசலில் நிற்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்த சிப்பாய் சின்னப் பையன்தான், முகமெல்லாம் வேர்க்குரு. அலமாரியைத் திறந்தான். முதல் லாச்சியை இழுத்தான், பார்த்தான், தள்ளினான். இரண்டாவதும் அப்படியே. ஒரு துணி கலையவில்லை. எனக்கு உள்ளுக்குள் என்ன பெருமை! பார்த்தாயா என் யோசனையை என்று இவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

அடி லாச்சி மாட்டிக்கொண்டது. அவன் பலமாக இழுத்தான். கம்பளியை எடுத்துக் கட்டிலில் வைத்தான், கூறையை அதன்மேல் வைத்தான், மரியாதையாகத்தான் வைத்தான். பிறகு பேப்பரைத் தூக்கினான். அந்த வெள்ளை முடிச்சைப் பார்த்த நொடியில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.  அவன் அதை உள்ளங்கையில் வைத்து அமுக்கினான். உள்ளே இருப்பது அரிசி என்று யாருக்கும் தெரியும்.

ஒரு வெள்ளைக்கார ஆபீசர் வந்தார். கூடவே மொழிபெயர்க்கப் பெரிய கிராணி. களத்திலிருந்து இவரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். ஆபீசர் முடிச்சைக் காட்டி ஏதோ கேட்டார்.

"இதை யார் வச்சதுன்னு கேக்கிறார்" என்றார் கிராணி.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "நான்தான் வச்சேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முடிச்சு அங்கே இருப்பதே இவருக்குத் தெரியாதே!

"எதுக்கு வச்சே?"

இவர் அந்த முடிச்சையே பார்த்தார். என்ன சொல்வார்? அது என்னவென்று தெரிந்தால்தானே. நான் கத்தினேன். "ஐயோ, இல்லைங்க, நான் வச்சது! சாமிக்கு வச்சது, புது லாச்சிக்கு வச்சது, அவருக்குத் தெரியாது!" கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். ஆபீசர் கேட்டுக்கொண்டார். புருஷனைக் காப்பாற்றப் பெண்டாட்டி அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். அவர் கையிலிருந்த காகிதத்தில் என் அண்ணன் பேரும் இருந்ததாகக் கிராணி பிறகு சொன்னார். இவரை லோரியில் ஏற்றினார்கள். முடிச்சையும் ஒரு காகித உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

முதல் நாள் நான் டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நாளைக்கு வா என்றார்கள். இரண்டாம் நாள் போனேன். ஆபீசர் இல்லை என்றார்கள். ஸ்டேஷன் வாசலில் ஒரு மரத்தடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்து, இவர் கப்பலேறினால் நானும் கூடவே ஏறுவதா, என்னை ஏற்றுவார்களா, அங்கே யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்னை முந்திக்கொண்டு அப்படிச் சொன்னார் என்று நினைக்க நினைக்க அவர்மேல் ஆத்திரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. நாலு சின்ன லாச்சி என்று அந்த மனுஷன் சொன்னபோதே வாயை மூடிக்கொண்டு சரியென்று சொல்லியிருக்கக் கூடாதா நான்!

மூன்றாம் நாள் ஒரு மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் வாசலுக்கு வந்தார். நரைத்த மீசை. இரண்டு நாளாக என்னைப் பார்த்திருப்பார் போல. என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாய் கடையில் உப்பு புளி வாங்குகிற மலாய்தான். "லாச்சி பாரு, துவான். தா போலே கோசோங்" என்றேன். புது லாச்சி, வெறுமையாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. அதையே நாலைந்து தடவை சொன்னேன். கையால் இழுத்துக் காட்டினேன், முடிந்து காட்டினேன், கும்பிட்டுக் காட்டினேன். அழவும் செய்தேன்.

அவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காகித உறையை எடுத்து, முடிச்சை மேசைமேல் வைத்து அவிழ்த்தார். அதுவரைக்கும் ஒருத்தரும் அதை அவிழ்த்துப் பார்க்கவில்லை! பார்த்தால், பாதியை வண்டு தின்று மாவாகிக் கிடந்தது. மீதி, மங்கிப் போயிருந்தாலும் மஞ்சள். ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். "பெராஸ் குன்யிட்" என்றார். மஞ்சள் அரிசி என்று அர்த்தம். அவர்கள் வீட்டிலும் கல்யாணம் காட்சி என்றால் மஞ்சள் அரிசி தூவுவார்கள். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். துணியோடு தூக்கிக்கொண்டு ஆபீசர் அறைக்குள் போனார். கதவு மூடியிருந்தது. ரொம்ப நேரம் பேச்சுக் குரல் கேட்டது.

அன்று சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் இவரை விட்டுவிட்டார்கள். சார்ஜன் முடிச்சை மறுபடி கட்டி என் கையிலேயே கொடுத்தார். தோட்டத்து வாசலில் எங்களைத் தடவிப் பார்த்த காவல்காரர், அரிசியை உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார். நான் சண்டைக்குப் போகவில்லை. சாலையோரத்தில் உதறினேன். இரண்டு மைனா வந்தன. துணியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வீடு போட்டது போட்டபடி கிடந்தது. அடி லாச்சி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பொதுச் சமையலிலிருந்து வாங்கி வந்த சோற்றை இவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொன்னால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி, ஓவென்று அழுதுவிடலாம். அவர் சொல்லவில்லை. சாகிற வரைக்கும் சொல்லவில்லை.

நான்தான் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தேன். "எதுக்கு நீங்க வச்சதாச் சொன்னீங்க?"

"உங்க அண்ணனுக்காக நீ எடுத்து வச்சிருப்பேன்னு நினைச்சேன்."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "என்னைப் பத்தி அப்படியா நினைச்சீங்க? முறத்து நொய்யைக்கூட அள்ளிக் கொடுத்தவ நான்! உங்களுக்குத் தெரியாம, உங்க தலைக்கு வினையா, வீட்டுக்குள்ளே அரிசியை ஒளிச்சு வைப்பேனா?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து லாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நிதானமாகத்தான் கேட்டார். "அவன் வந்து வேலிக்கு அந்தாண்டை நின்னு, பசிக்குதுன்னா கொடுத்திருக்க மாட்டியா?"

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முதலில் கொடுத்துவிட்டுத்தான் என் அண்ணன் எப்போதும் சாப்பிடுவான். மாட்டேன் என்று வரவில்லை.

"கொடுத்திருப்பேன்" என்றேன்.

"தெரியும்லா" என்றார். "அதான் நான்னு சொன்னேன்."

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கம்பளியையும் கூறையையும் எடுத்து அவரே லாச்சிக்குள் வைக்கப் போனார். சட்டென்று நிறுத்தினார். "வெறுமையா இருக்கக்கூடாதாமே. முதல்ல என்ன வைக்கிறது இப்ப?" என்று கேட்டார். என்னிடம் என்ன இருந்தது? அரிசியை மைனா தின்றுவிட்டது. அவர் தன் சட்டையைக் கழற்றினார். மூன்று நாளாக லாக்கப்பில் போட்டிருந்த சட்டை, காலரெல்லாம் கறுப்பு. அதை மடித்து லாச்சியின் அடியில் வைத்து, அதன்மேல் என் கூறையை வைத்து, முட்டியால் ஒரு இடி கொடுத்து மூடினார்.

அழுக்குத் துணி என் கூறையோடு சேர்ந்தால் வீடே இரண்டாகும்படி கத்துகிறவள் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சட்டையை அவர் இருந்தவரைக்கும் துவைக்கவும் இல்லை.